ஒரே சஹனில் கை வைத்தவர்கள்

அது மௌலூது மாதமான ரபீஉனில் அவ்வல் பிறந்த பிறகா, பிறப்பதற்கு முந்திய கிழமையா என்பது இப்போது நிச்சயமாக நினைவில் இல்லை. மழை பெய்திருந்தது என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மாதத்தில் சாய்ந்தமருதில் மழை ஏது என்று இன்னொரு மனம் கேட்கிறது. வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிய இடத்தில் மண் ஈரமாக இருந்தது மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. யாராவது தண்ணீர் தெளித்திருக்கலாம். இப்படி ஒன்றிரண்டு இடங்களில் கதை பிசகியிருக்கக்கூடும். ஆனால் அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், யார் வாயைத் திறக்கவில்லை என்பதில் பிசகு இல்லை. சுல்பிகா அதைப் பல தடவை சொல்லிவிட்டாள். எந்தத் தடவையும் ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

சுல்பிகாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். கணவனைக் கடல் கொண்டுபோன வருடம் மூத்தவன் பாயிஸுக்கு எட்டு வயது, இளையவன் சுபியானுக்கு நாலு. சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டில்தான் இருவரும் வளர்ந்தார்கள். கடலுக்கு எட்டத்தில், ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிற்கிற வீடுகள். அவளுடைய வீட்டு வாசற் சுவரில் உள்ளங்கையளவு ஒரு பளிங்குப் பலகை பதித்திருந்தது. அதில் வீட்டைக் கட்டித் தந்த நாட்டின் கொடி. தூரத்து நாடு, பணக்கார நாடு. அதன் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை.

பாயிஸ் கல்முனை பஜாரில் ஒரு கடையில் போன் திருத்தினான். 2019ஆம் ஆண்டு, ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த மாதத்துக்கு அடுத்த மாதம், ஜீப்பில் வந்தவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திருத்திக் கொடுத்த ஏதோ ஒரு போனில் ஏதோ ஒரு இலக்கம் இருந்ததாம். எந்த இலக்கம், யாருடையது என்பதை அதற்குப் பிறகு ஐந்து வருடங்களாக ஒருவரும் சொல்லவில்லை. முதல் ஏழு மாதம் பெற்றவளைப் பார்க்க விடவில்லை. பார்க்க விட்ட நாளில் அவனுக்கு இடது காது கேட்கவில்லை. ஏன் என்று அவள் கேட்டாள். அவன் பக்கத்தில் நின்ற காவலாளியைப் பார்த்துவிட்டு, "சளி உம்மா" என்றான்.

அதற்குப் பிறகு சுபியானை இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை கடிதம் வந்தபோது அவன் போகவில்லை. நாடே பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஓர் ஆழ்கடல் படகில் முப்பத்தெட்டுப் பேரோடு ஏறிவிட்டான். பத்தொன்பதாம் நாள் ஒரு கடற்படைக் கப்பல் அவர்களைப் பிடித்தது. தன் நாட்டுக் கரையில் இறக்காமல், நடுக்கடலில் தனக்குச் சொந்தமாக இருந்த ஒரு தீவில் கொண்டுபோய் அடைத்தது. கம்பிவேலி, கூடாரம், பெயருக்குப் பதில் ஓர் எண். அந்தக் கப்பலில் பறந்த கொடியும் சுல்பிகாவின் வாசற் சுவரில் இருந்த கொடியும் ஒன்று.

தீவிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பத்து நிமிடம் கதைக்க விடுவார்கள். காவலுக்கு நின்றவன் கதவை அடித்துச் சாத்தியபோது தன் மூன்று விரல்கள் உடைந்த கதையை ஒரு நாள் சுபியான் சொன்னான். வேண்டுமென்றே சாத்தினானா என்று அவள் கேட்டாள். "கை உள்ளுக்கு இரிக்கிண்டு கத்தினன் உம்மா. ரெண்டாந்தரமும் சாத்தினான்" என்றான். விரல்களின் படம் ஒன்றை எப்படியோ அனுப்பியிருந்தான். அவற்றை யாரும் கட்டுப் போட்டுப் பொருத்தவில்லை என்பது அந்தப் படத்தில் தெரிந்தது.

சுஜித்தா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. காரைதீவுக்காரி. காணாமல் போனவர்கள், அடைக்கப்பட்டவர்கள் வீடுகளுக்குப் போய் வாக்குமூலம் எழுதுகிற ஓர் அமைப்பில் வேலை. நாலு வருடமாகத் தெரிந்தவள்.

"அக்கா, வாற செவ்வாய்க்கிழமை தூதரகத்தில இருந்து ஒரு ஐயா வாறார். ஜெனீவா மனித உரிமைக் கூட்டத்துக்கு முதல் அவங்கட நாடு அறிக்கை எழுதுது. பாயிஸ்ட பேர் அதுல வந்தா இஞ்ச உள்ளவங்களுக்கு நெருக்குதல்தானே."

"எந்தத் தூதரகம் புள்ள?"

சுஜித்தா வாசற் சுவர்ப் பக்கம் பார்த்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சி" என்றாள் சுல்பிகா. "சுபியான்டயும் செல்லலாம். அவருட நாடுதானே. ஒரு போன் எடுத்தா முடிஞ்சிரும்."

சுஜித்தா தன் பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அது வேற விசயம் அக்கா. இதுல அதுக்கு இடமில்ல."

படிவத்தின் தலைப்பில், நாடு என்ற சொல்லுக்கு எதிரே, இலங்கை என்று அச்சடித்தே வந்திருந்தது.

"ரெண்டையும் நான்தானே பெத்தன்? மூத்தவனுக்கு அழுதா எழுதுவாங்க, எளயவனுக்கு அழுதா வேற விசயமா?"

"எனக்கிட்டக் கோவிக்காதீங்க அக்கா. என்ட அப்பாவ தொண்ணூறுல கொண்டுபோனாங்க. அவர்ட பேர் எத்தினை நாட்டுப் படிவத்தில இரிக்கு தெரியுமா? எனக்கே எண்ணிக்கை தெரியா. கேக்கிறவங்க எதக் கேக்கிறாங்களோ அதத்தான் எழுத ஏலும்."

சுல்பிகா அந்த அச்செழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டபோதுதான் சுஜித்தா எழும்பினாள்.

அடுத்த நாளே வேறொருவர் வந்தார். கொழும்பு இலக்கமுள்ள வெள்ளைக் காரில், கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு. பெயர் அபுல் ஹஸன். அக்கரைப்பற்றில் பிறந்தவர். இலங்கையின் பேரில் வெளிநாடுகள் சொல்லும் குற்றச்சாட்டுகளுக்குப் பதில் எழுதும் ஒரு பிரிவில் கொழும்பில் பெரிய வேலை.

"ராத்தா, நான் அந்நியமில்ல. என்ட மாமிட வீடு மாளிகைக்காட்டில."

"இரிங்க தம்பி."

"அவனுகள் ஜெனீவாவில எழும்பி நமக்கு மனித உரிமை படிப்பிக்கானுகள். ஒங்கட மகன அடைச்சி வெச்சிரிக்கிற தீவப் பத்தி ஒரு சொல்லு இல்ல. இந்த முறை நாம கேப்பம். ஒங்கட கையால ஒரு கடிதம், அந்த விரல் போட்டோ. போதும். முழு உலகத்துக்கும் முன்னால வெக்கப்படுவானுகள்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது சுல்பிகாவுக்குத் தெரிந்தது. அதனாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மூத்தவன்?"

"அது சட்டத்துல இரிக்கிற விசயம் ராத்தா."

"கேஸே போடல்லயே. அஞ்சி வருசம்."

அபுல் ஹஸன் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "பேரீச்சம்பழம் சாப்பிடுங்க. மதீனத்துப் பழம்."

அவள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை.

"இந்த ஒரு காரியத்தச் செய்ங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "மறுகா மூத்தவன்ட பைலப் பத்தி நான் ஒராள்ட்டக் கதைக்கன். ஆனா செவ்வாய்க்கிழமை வாறவர்ட்ட மூத்தவனப் பத்தி வாயத் தொறந்தீங்கண்டா, அந்த பைல் இன்னும் கனக்கும். நான் ஒங்கட நன்மைக்கித்தான் செல்றன்."

செவ்வாய்க்கிழமை ஆள் வருவது அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. தானும் அன்றைக்கே வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் எழும்பினார். "அவர் போன பிறகு, பின்நேரமா வாறன்" என்றார்.

கார் போன பிறகு சுல்பிகா கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தாள். மூத்தவனின் கடதாசிகளும் இளையவனின் கடதாசிகளும் இரண்டு பைகளில் ஒரே ஆணியில் தொங்கின. அவள் மனதில் ஓடியது கணக்கு அல்ல. கணக்கென்றால் எங்காவது போய் முடியும். மூத்தவனைச் சொன்னால் இளையவன் தீவில் கிடப்பான். இளையவனைச் சொன்னால் மூத்தவன் வரக்கூடும், வராமலும் போகக்கூடும். ஆனால் மூத்தவனுக்கு யாருமே இல்லை என்று அவளே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். எதைச் சொன்னாலும் மற்றவனைப் பற்றி வாய் மூடியிருந்ததாகத்தான் முடியும். இரவுச் சோற்றை வைத்தபடியே மூடிவிட்டாள். மறுநாள் விடிந்தபோது அவளுக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. வேறு ஊர்க்காரிக்கு அது தோன்றியிருக்காது.

இந்தக் கரையில் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் ஒரு குடியைச் சேர்ந்தது. குடி தாய்வழியாக வரும். குடிக்கு ஒரு மரைக்காயர் உண்டு. கோட்டுக்குப் போகாத சண்டைகளை அவர்தான் விசாரிப்பார். சுல்பிகாவின் குடியில் ஒரு முறை இருந்தது. அடித்துக்கொண்ட இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஒரே பாயில் இருத்துவார்கள். பாதிக்கப்பட்டவர் இருவருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் சொல்லக்கூடாது. கேட்டு முடிந்ததும் மரைக்காயர், சொன்னதில் பிழை உண்டா என்று இருவரிடமும் கேட்பார். பிறகு இருவரும் ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிடவேண்டும். பெரிய தாலத்தில் சோற்றைக் கொட்டி, சுற்றியிருந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவதுதான் சஹன். கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் போடுவது. ஒரே சஹனில் கை வைத்தவன் பிறகு பேச்சு மாறமாட்டான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தம்பியின் வலையை வெட்டிக் கடலில் விட்ட ஒரு மூத்த நானாவை அப்படி இருத்தியதை சுல்பிகா சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். சோற்றில் கை வைத்ததும் அந்த மனிதன் அழுதான். அடுத்த கிழமை புது வலை வாங்கிக் கொடுத்தான்.

மரைக்காயர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த ராத்தாவின் புருஷன். பதியுதீன். இங்கிலீசு படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அவர் வீட்டுக்குப் போனாள்.

"மச்சான், ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் செல்லுங்க."

"என்னத்துக்கு?"

"வெசாரிக்க."

பதியுதீன் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"இது வேலிச் சண்டையா சுல்பிகா? அவனுகள் நாடுகள்."

"நாடா வருது? ரெண்டு ஆம்புளயள்தானே வாறாங்க. அவரு இவரக் கள்ளன் எண்டுறாரு, இவரு அவரக் கள்ளன் எண்டுறாரு. களவு போனது என்ட வீட்டில. ரெண்டு பேருக்கும் முன்னால ரெண்டு புள்ளயளயும் செல்லுறன். மத்தாள் பாத்துட்டு இரிக்கக்குள்ள எப்பிடி எனக்கு இடமில்லண்டு செல்லுவாங்க?"

"அவனுகளுக்கு நம்மட முறை என்ன தெரியும்?"

"ஒராளுக்குத் தெரியும். அக்கரைப்பத்தான்தானே."

பாயிஸை ஏற்ற ஜீப் வந்த நாளில் அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து விட்டவர் பதியுதீன். 'விசாரிச்சுட்டு பின்நேரம் விட்டுருவாங்க, பயப்படாத மகன்' என்று சொன்னவரும் அவர்தான். அதற்குப் பிறகு சுல்பிகா எதைக் கேட்டாலும் அவருக்கு மறுக்க வாய் வந்ததில்லை.

"சஹனுமா?"

"முறையெண்டா முழுசாச் செய்யணும் மச்சான்."

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வரும்படி இருவருக்கும் சொல்லியாயிற்று. மௌலூதுக் காலம், சாப்பாடு இருக்கிறது என்று அபுல் ஹஸனுக்குச் சொன்னார் பதியுதீன். மற்றவர் மாலையில்தான் வருவதாக ஒரு சின்னப் பொய்யும் சேர்த்துச் சொன்னார். சுல்பிகா ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பி நெய்ச்சோறு போட்டாள். மாட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு சட்டி வட்டிலப்பம். பெருநாளைக்குக்கூட ஐந்து வருடமாக அந்த வீட்டில் இப்படி மணந்ததில்லை.

அபுல் ஹஸன் முதலில் வந்து பாயில் இருந்தார். கால் மணி நேரத்தில் சுஜித்தாவோடு தூதரகத்துக்காரர் வந்தார். டேனியல் என்று பெயர். உயரமான, மென்மையாகப் பேசுகிற மனிதர். வாசலில் நின்று பளிங்குப் பலகையைப் போனில் படமெடுத்தார். கொடியைத் தொட்டுப் பார்த்து சுஜித்தாவிடம் ஏதோ சொன்னார். அவருடைய நாடு கொடுத்த வீடு என்று அவருக்குச் சந்தோசமாம்.

உள்ளே வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் கண்டார்கள். ஒரு கணம் அசையவில்லை. சுல்பிகா அறைக் கதவோரத்தில் நின்று இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவார்கள், அல்லது ஒருவர் எழும்பிப் போவார் என்றுதான் எதிர்பார்த்தாள்.

"டேனியல்!" என்றார் அபுல் ஹஸன்.

"அபுல்!" என்றார் அவர்.

கை குலுக்கினார்கள். கை குலுக்கும்போது மற்றக் கையால் தோளைத் தட்டினார்கள். போன வருடக் கூட்டத்தில் சந்தித்தவர்கள், ஒரே விருந்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் என்று சுஜித்தா பிறகு சொன்னாள். சுல்பிகா அந்தத் தோள்தட்டலைப் பெரிதாக எடுக்கவில்லை.

பதியுதீன் ஸலவாத்துச் சொல்லித் தொடங்கினார். முறையை இங்கிலீசில் விளக்கினார். டேனியல் ஆர்வத்தோடு தலையசைத்து, நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார். அபுல் ஹஸன் சிரித்த மாதிரி இருந்தார்.

சுல்பிகா கதவோரத்தில் ஒரு கதிரையில் இருந்து பேசினாள், பதியுதீன் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னார். மூத்தவனை முதலில் சொன்னாள். ஜீப், ஏழு மாதம், காது. டேனியலின் பேனை ஓடிக்கொண்டே இருந்தது. அபுல் ஹஸன் போனைப் பார்த்தார், பிறகு முகட்டைப் பார்த்தார். பிறகு இளையவனைச் சொன்னாள். படகு, கப்பல், எண், கதவு. அபுல் ஹஸன் நிமிர்ந்து இருந்தார். டேனியலின் பேனை நின்றுவிட்டது. அவர் அதன் மூடியை மெதுவாகப் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். உடைந்த விரல்களின் படத்தை பதியுதீன் இருவருக்கும் நடுவில் பாயில் வைத்தார்.

"இவ சொன்னதில பிழை இரிக்கிண்டா இப்ப செல்லுங்க" என்று கேட்டு, அதையே இங்கிலீசிலும் கேட்டார்.

பிழை எதுவும் இல்லை, தான் மிகவும் வருந்துவதாக டேனியல் சொன்னார்.

"ராத்தா பொய் செல்லமாட்டா" என்றார் அபுல் ஹஸன்.

பிறகு ஒருவரும் பேசவில்லை. சுவர் மணிக்கூடு கேட்டது. வெளியே யாரோ மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அந்த அமைதி சுல்பிகாவுக்கு நல்லதாகப் பட்டது. வலையை வெட்டிய அந்த மனிதன் தலை குனிவதற்கு முந்தியும் இப்படித்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் முன்னால் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். இனி யார் எப்படி மறுக்க ஏலும் என்று நினைத்தாள். ஐந்து வருடத்தில் அவள் நம்பிக்கையோடு இருந்தது அந்த நாலைந்து நிமிடம்தான்.

"சஹன வைங்க" என்றார் பதியுதீன்.

டேனியலுக்குச் சம்மணமிட வரவில்லை. ஒரு காலை நீட்டி ஒரு காலை மடித்து ஒருமாதிரி இருந்தார். எப்படிக் கை கழுவுவது, எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று அபுல் ஹஸன் சொல்லிக் கொடுத்தார். "உங்கட பக்கத்தில மட்டும் கை வைக்கணும், நடுவுக்குப் போகக்கூடாது" என்று இங்கிலீசில் அவர் சொன்னதற்கு, "அப்ப இது சர்வதேசக் கடல் மாதிரி" என்றாராம் டேனியல். இருவரும் சிரித்தார்கள். அபுல் ஹஸன் நல்ல இறைச்சித் துண்டொன்றைத் தேடி எடுத்து அவர் பக்கம் வைத்தார். விருந்தாளிக்கு அப்படி வைப்பது மரியாதை. டேனியல் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

சுல்பிகாவுக்கு இங்கிலீசு தெரியாது. அவள் குசினி வாசலில் நின்று கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சஹனில் மூன்று கைகள். ஒரு கட்டத்தில் இரண்டு பேரின் குரலும் தாழ்ந்து சமமானது. கடையில் சாமான் பேசுகிறவர்களைப்போல. ஒருவர் ஒன்று சொல்வதும் மற்றவர் யோசித்துத் தலையசைப்பதுமாக இருந்தது. அப்போது பதியுதீனின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை அவர் வாய்க்கும் கொண்டுபோகவில்லை, வெளியேயும் எடுக்கவில்லை. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த சுஜித்தாவும் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன புள்ள கதைக்காங்க?"

"சாப்பாடு நல்லம் எண்டு அக்கா" என்றாள் சுஜித்தா. அவள் கண்ணை நிமிர்த்தவில்லை.

வட்டிலப்பம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும்போது டேனியல் சுல்பிகாவின் முன்னால் குனிந்து, இந்த நாளை மறக்கமாட்டேன் என்று சொன்னதாக சுஜித்தா சொன்னாள். அபுல் ஹஸன், "ராத்தா, அந்தக் கடிதம் இப்ப அவசரமில்ல" என்றார். இருவரும் ஒரே காரில் ஏறினார்கள். கொழும்பு வரைக்கும் கதைத்துக்கொண்டு போகலாமாம். டேனியலின் வாகனம் ஆளில்லாமல் பின்னால் போயிற்று.

பதியுதீன் இன்னும் பாயிலேயே இருந்தார். கை கழுவவில்லை. சோறு விரல்களில் காய்ந்திருந்தது.

"என்ன மச்சான் முடிவு?"

"சமாதானமாகிட்டாங்க சுல்பிகா."

"என்ட புள்ளயளப் பத்தி?"

"புள்ளயளப் பத்தித்தான்." அவர் சஹனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்க தீவப் பத்திக் கேள்வி கேக்காம விட்டா, நீங்க அறிக்கையில பேரு போடாம விடுவீங்களா எண்டு அபுல் ஹஸன் கேட்டாரு. பேரில்லாமப் பொதுவா எழுதலாம் எண்டு மத்தவரு செல்றாரு. இனி ஆக்கள் படகில வராமப் பாக்கிறதுக்கு நம்மட கடற்படைக்கி ரெண்டு ரோந்துப் படகு தாறாங்களாம். அந்தப் பேச்சு நடக்கக்குள்ள இந்த மாதிரி விசயங்கள் ரெண்டு பக்கத்துக்கும் இடைஞ்சல் எண்டு பேசிக்கிட்டாங்க."

"நீங்க பக்கத்திலதானே இருந்தீங்க?"

"ஓம்."

"ஒங்களுக்கு இங்கிலீசு தெரியும் எண்டு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தானே எல்லாத்தையும் மொழிபெயர்த்தன்." அவர் விரலில் காய்ந்த சோற்றை உதிர்த்தார். "மறைக்கணும் எண்டு அவங்களுக்குத் தோணல்ல."

சுல்பிகா சஹனைக் குனிந்து எடுத்தாள். மூன்று பக்கமும் சாப்பிட்டு நடுவில் மீந்த சோறு ஒரு மேடாக இருந்தது.

"அப்ப சஹன் வேல செஞ்சிரிக்கி மச்சான்" என்றாள்.

அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அவர்களுடைய முறை சண்டை பிடித்தவர்களைச் சேர்த்து வைப்பதற்கு உண்டானது. அது சேர்த்து வைத்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததால்தான் தன் பிள்ளைகளின் பெயர் அவர்கள் வாயில் வந்தது என்பதை அவள் முன்பே எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை தீவிலிருந்து போன் வந்தது. தூதரகத்து ஆள் வருவதை அவள் முந்திய தடவை, சுஜித்தா வந்துபோன அன்றிரவே, சொல்லியிருந்தாள். அவன் அதற்காகவே காத்திருந்தவன்போல் ஸலாம் சொல்லவும் மறந்து கேட்டான்.

"உம்மா, அவரு என்ட பேர எழுதினாரா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையையும் சொல்ல முடியவில்லை.

"கேட்டுட்டு இருந்தாரு மகன்."

"எழுதினாரா?"

"நல்லாக் கேட்டாரு."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது. பத்து நிமிடத்தில் மிச்சமிருந்த ஆறு நிமிடமும் அப்படியே போனது. இருவரில் ஒருவரும் போனை வைக்கவில்லை. கடைசியில் தீவில் யாரோ வைத்தார்கள்.

ஜெனீவாக் கூட்டம் நடந்த நாளில் சுஜித்தா வந்து, தன் போனில் இரண்டு பேச்சுகளையும் போட்டுக் காட்டினாள். தமிழில் மெதுவாகச் சொன்னாள். தூரத்து நாட்டின் பெண்மணி ஒருத்தி, நீண்டகாலத் தடுப்புகள் பற்றித் தமது நாடு ஆழ்ந்த கவலை கொள்வதாகவும் அண்மைக்கால முன்னேற்றங்களை வரவேற்பதாகவும் வாசித்தாள். இலங்கையின் பக்கத்தில் ஒருவர் எழும்பி, மனித உரிமையைச் சில நாடுகள் அரசியல் ஆயுதமாக எடுப்பதைக் கண்டித்தார். பிறகு, திறந்த மனதோடு கலந்துரையாடும் நட்பு நாடுகளுக்கு நன்றி சொன்னார். அவருக்குப் பின்வரிசையில் அபுல் ஹஸன் கழுத்துப் பட்டியோடு இருந்தார். இரண்டு பேச்சும் சேர்ந்து எட்டு நிமிடம் வரவில்லை.

"திரும்பப் போடவா அக்கா?"

"வேணாம் புள்ள."

அதற்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான். ரோந்துப் படகுகள் இரண்டும் அடுத்த வருடம் வந்தன. டேனியலின் தவணை முடிந்து அவர் வேறொரு நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். அபுல் ஹஸன் ஜெனீவாவிலேயே ஒரு பதவிக்குப் போய்க் குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொண்டார். சுஜித்தா வாக்குமூலம் எழுதும் வேலையை விட்டுவிட்டு ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பதியுதீன் மரைக்காயர் பதவியை ஒப்படைத்தார். அந்தக் குடியில் இப்போது விசாரணை நடப்பதில்லை. பாயிஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், வழக்குத் தாக்கல் செய்யப்படவில்லை, மற்றக் காதும் மங்கிவருகிறது. தீவு முகாமை மூடிவிட்டார்கள். சுபியானை எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்று அவனுடைய உம்மாவுக்கு அறிவிக்கவில்லை. பதினான்கு மாதமாகப் போன் இல்லை. சுல்பிகா அதே வீட்டில் இருக்கிறாள்.